உராய்வும் பிணக்கும்

உராய்வே இல்லாத உலகம் ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். அங்கே நம்மால் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது. சுவரில் அடித்த ஆணி நிற்காது. கயிற்றில் போட்ட முடிச்சு தானாகவே நழுவிவிடும். ஓடுகிற பேருந்து பிரேக் போட்டாலும் நிற்காது. ஆனால் இதே உராய்வு, எண்ணெய் வற்றிப்போன ஓர் அச்சில் நிகழ்ந்தால் என்ன ஆகும்? அச்சு சூடேறும், தேயும், கடைசியில் இயந்திரமே நின்றுவிடும். ஆகவே பொறியாளர் உராய்வை ஒழிக்க முயல்வதில்லை. எந்த இடத்தில் எத்தகைய உராய்வு என்று முதலில் பார்க்கிறார். டயரில் அதைக் கூட்டுகிறார். அச்சில் எண்ணெயிட்டுக் குறைக்கிறார்.

மனிதர்களுக்கிடையே எழும் பிணக்கும் இப்படிப்பட்டதுதான். வகுப்பறையிலும், விளையாட்டுத் திடலிலும், நாளை நீங்கள் வேலைக்குச் செல்லப்போகும் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் பிணக்கு எழாமல் இராது. இரண்டு பேர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்தால் இரண்டு கருத்துகள் இருக்கத்தான் செய்யும். "சண்டை போடாதீர்கள்" என்று பெரியவர்கள் சொல்வது எளிது. எப்படிப் போடாமல் இருப்பது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஆனால் இதையும் ஒரு கலையாக, ஏன், ஓர் அறிவியலாகவே கற்றுக்கொள்ள முடியும். அதற்கான முதல் பாடம் இதுதான்: சண்டை எழுந்தவுடன், யார் சரி என்று கேட்காதீர்கள், இது எந்த வகைச் சண்டை என்று கேளுங்கள். வகை தெரிந்தால் மருந்து தெரியும். ஒரு வகைக்கு மருந்தாவது இன்னொரு வகைக்கு நஞ்சாகவும் ஆகலாம்.

உண்மை பற்றிய பிணக்கு

முதல் வகையை ஆய்வகத்திலேயே காணலாம். தனி ஊசல் சோதனை உங்களுக்குத் தெரிந்ததே. ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசலை ஆடவிட்டு, 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை நிறுத்துக் கடிகாரத்தால் அளக்கிறோம். அதிலிருந்து ஓர் அலைவு நேரத்தையும், பிறகு புவியீர்ப்பு முடுக்கத்தையும் கணக்கிடுகிறோம்.

ஒரே ஊசலை வைத்துக்கொண்டு இரண்டு மாணவர்கள் அளக்கிறார்கள் என்று கொள்வோம். ஒருவனுக்கு 20 அலைவுகளுக்கு 40.1 விநாடி கிடைக்கிறது. அவன் கணக்கில் புவியீர்ப்பு முடுக்கம் சுமார் 9.8 என்று வருகிறது. அவன் தோழனுக்குக் கிடைப்பதோ 38.1 விநாடி. அவன் கணக்கில் விடை சுமார் 10.9 ஆகிறது. "நீ கடிகாரத்தைத் தாமதமாக நிறுத்தினாய்" என்கிறான் ஒருவன். "உனக்குப் பார்க்கவே தெரியவில்லை" என்கிறான் மற்றவன். குரல் உயர்கிறது. மணி அடிக்கப்போகிறது. அப்போது மூன்றாவது ஒருவன் வந்து, "எதற்கடா வம்பு? இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்துவிடுங்கள்" என்கிறான்.

இந்த யோசனை நல்லதுதானா? சராசரி எடுத்தால் விடை சுமார் 10.3 ஆகும். இருவருக்கும் சமாதானம். ஆனால் பூமி அந்தச் சமாதானத்தை ஏற்றுக்கொள்ளாது!

உண்மையில் நடந்தது இதுதான். இரண்டாமவன் ஊசல் புறப்பட்ட கணத்திலேயே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கினான். முதலாமவன் அந்தக் கணத்தில் "பூஜ்யம்" என்று சொல்லி, ஒரு முழு அலைவு முடிந்த பிறகே "ஒன்று" என்றான். ஆகவே இரண்டாமவன் "இருபது" என்று சொல்லிக் கடிகாரத்தை நிறுத்தியபோது 19 அலைவுகளே முடிந்திருந்தன. 38.1 விநாடியை 19ஆல் வகுத்துப் பாருங்கள். இருவர் விடையும் ஒன்றாகிவிடும். இருவர் கண்ணும் சரியாகவே பார்த்தன. இருவர் விரலும் சரியாகவே வேலை செய்தன. எண்ணத் தொடங்கிய இடம் மட்டுமே வேறு.

எனவே உண்மை பற்றிய பிணக்கில் விட்டுக்கொடுப்பது பெருந்தன்மை ஆகாது. அது பிழையை மறைப்பதாகும். இங்கே செய்ய வேண்டியது வேறு. விடையைப் பற்றி வாதாடுவதை நிறுத்திவிட்டு, விடைக்கு வந்த வழியை முதல் படியிலிருந்து இருவரும் சேர்ந்து நடந்து பார்க்க வேண்டும். "நீ எப்படி எண்ணினாய்? எனக்குச் செய்து காட்டு" என்று கேட்டால் போதும். அடுத்த முறை அளப்பதற்கு முன்பே, எப்படி அளப்பது, எது கிடைத்தால் எதை ஏற்பது என்று பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அளந்த பிறகு விதியை வகுத்தால், ஒவ்வொருவரும் தமக்குச் சாதகமான விதியையே வகுப்பார்கள்.

வகுப்பில் நடக்கும் எத்தனையோ சண்டைகள் இந்த வகையைச் சேர்ந்தவை. "நீ என்னைப் பற்றி அப்படிச் சொன்னாயாமே?" என்று தொடங்கும் சண்டை, முதலில் ஓர் உண்மையைப் பற்றிய கேள்விதான். சொன்னது யார், கேட்டது யார், இடையில் எத்தனை வாய்களைக் கடந்து வந்தது என்று வழியைத் திரும்பி நடந்து பார்த்தால், பாதிச் சண்டைகள் பத்தொன்பதுக்கும் இருபதுக்கும் இடையே உள்ள வேறுபாடாகவே முடியும்.

தேவை பற்றிய பிணக்கு

இரண்டாம் வகை வேறு விதமானது. இங்கே உண்மையில் எந்த ஐயமும் இல்லை. ஒருவருக்கு ஒன்று வேண்டும். மற்றவருக்கு அதற்கு நேர்மாறானது வேண்டும்.

அமெரிக்காவில் மேரி பார்க்கர் ஃபாலெட் (1868-1933) என்ற அறிஞர் இருந்தார். தொழிற்சாலைகளிலும் நிறுவனங்களிலும் மனிதர்கள் சேர்ந்து வேலை செய்வது எப்படி என்பதை ஆராய்ந்தவர் அவர். 1925ஆம் ஆண்டில் பிணக்கைப் பற்றி ஆற்றிய சொற்பொழிவில் அவர் மிகச் சிறிய நிகழ்ச்சி ஒன்றைக் குறிப்பிட்டார். ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தின் சிறிய அறை ஒன்றில் அவரும் இன்னொருவரும் அமர்ந்திருந்தனர். மற்றவர் ஜன்னலைத் திறந்து வைக்க விரும்பினார். இவரோ மூடி வைக்க விரும்பினார். என்ன செய்தார்கள்? யாரும் இல்லாத பக்கத்து அறையின் ஜன்னலைத் திறந்து வைத்தார்கள்!

இது பாதிக்குப் பாதி விட்டுக்கொடுத்தது அன்று என்பதைக் கவனியுங்கள். ஜன்னலைப் பாதி திறந்து வைத்திருந்தால் இருவருக்குமே பாதிக் குறை இருந்திருக்கும். மற்றவருக்கு வேண்டியிருந்தது அறைக்குள் நல்ல காற்று. அந்த ஜன்னல்தான் திறக்க வேண்டும் என்பதில்லை. இவருக்கு வேண்டாதிருந்தது வடக்குக் காற்று நேரே தம்மீது அடிப்பது. அறைக்குள் காற்றே வரக்கூடாது என்பதில்லை. இருவரும் தமக்கு வேண்டியதை முழுமையாகவே பெற்றார்கள்.

பிணக்கைத் தீர்க்க மூன்று வழிகள் உண்டு என்றார் ஃபாலெட். முதலாவது, ஒருவர் மற்றவரை அடக்கிவிடுவது. இது விரைவில் முடியும். ஆனால் தோற்றவர் மனத்தில் சண்டை முடிவதில்லை. இரண்டாவது, இருவரும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது. நாம் பெரும்பாலும் கையாளும் வழி இதுவே. மூன்றாவது, இரு தேவைகளையும் ஒன்றாக இணைக்கும் புதிய வழியைக் கண்டுபிடிப்பது. ஜன்னல் கதை இந்த மூன்றாவது வழிக்கு எடுத்துக்காட்டு. எல்லாப் பிணக்குகளையும் இப்படித் தீர்த்துவிட முடியாது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

நம் வகுப்பறைக்கு வருவோம். ஒருத்தி மின்விசிறியைப் போடு என்கிறாள். மற்றொருத்தி நிறுத்து என்கிறாள். மின்விசிறி ஒன்றுதான்; அது சுழல வேண்டும், அல்லது நிற்க வேண்டும். இதற்கு நடுவழி ஏது என்று தோன்றும். ஆனால் "ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். போடச் சொன்னவளுக்கு வியர்க்கிறது. நிறுத்தச் சொன்னவளின் வரைபடத் தாள்கள் பறக்கின்றன. தாள்களின்மேல் ஒரு பெட்டியை வைத்தால், அல்லது இருவரும் இடம் மாறி உட்கார்ந்தால் சண்டை முடிந்தது. "போடு", "நிறுத்து" என்பவை கோரிக்கைகள். வியர்வையும் பறக்கும் தாளும் தேவைகள். கோரிக்கைகள் மோதிக்கொண்டே இருக்கும். தேவைகள் பெரும்பாலும் மோதுவதில்லை.

தொழிற்சாலையிலும் இதே கதைதான். காலை ஷிப்டில் லேத் எந்திரத்தில் வேலை செய்தவர் இரும்புச் சுருள்களைக் கூட்டி அள்ளாமல் போய்விடுகிறார். அடுத்த ஷிப்டுக்கு வருபவர் நாள்தோறும் அவரைத் திட்டுகிறார். முன்னவருக்கு இரண்டு மணிப் பேருந்தைப் பிடித்தாக வேண்டும். பின்னவருக்கு வந்தவுடன் வேலையைத் தொடங்கினால்தான் அன்றைய எண்ணிக்கை தேறும். இருவரில் யாரும் சோம்பேறி அல்லர். ஷிப்டின் கடைசிப் பத்து நிமிடத்தைச் சுத்தம் செய்வதற்கென்று மேற்பார்வையாளர் ஒதுக்கிக் கொடுத்தால், இருவரும் நண்பர்களாகக்கூட ஆகலாம்.

பங்கு பற்றிய பிணக்கு

மூன்றாம் வகைதான் கடினமானது. இருப்பது ஒன்று, அதை எப்படிப் பங்கிடுவது என்பதே சண்டை. ஒருவருக்குக் கூடினால் மற்றவருக்குக் குறையும். கூலி பற்றிய தகராறுகள் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை.

1918ஆம் ஆண்டில் அகமதாபாத் நகரில் நடந்ததைப் பார்ப்போம். அதற்கு முந்தைய ஆண்டு அங்கே பிளேக் நோய் பரவியபோது, தொழிலாளர் ஊரைவிட்டு ஓடிவிடாமல் இருக்கத் துணி ஆலை முதலாளிகள் அவர்களுக்குத் தனியாக ஒரு பிளேக் போனஸ் கொடுத்து வந்தனர். நோய் தணிந்ததும் அதை நிறுத்த முற்பட்டனர். ஆனால் முதல் உலகப்போர் காரணமாக விலைவாசி ஏறியிருந்தது. போனஸ் நின்றால் தொழிலாளர் வீட்டில் அடுப்பு எரியாது. அவர்கள் 50 சதவீத ஊதிய உயர்வு கேட்டனர். முதலாளிகள் 20 சதவீதத்துக்கு மேல் முடியாது என்றனர்.

காந்தியடிகள் தொழிலாளர் பக்கம் நின்றார். முதலாளிகளின் தலைவராக இருந்தவர் அம்பாலால் சாராபாய். அவருடைய உடன்பிறந்த சகோதரி அனசூயா சாராபாயோ தொழிலாளர் பக்கம்! (நம் நாட்டின் விண்வெளி ஆய்வைத் தொடங்கி வைத்த விக்ரம் சாராபாய், 1919இல் இந்த அம்பாலாலின் மகனாகப் பிறந்தவர்தாம்.) காந்தியடிகளும் அவர் தோழர்களும் முதலில் செய்த வேலை முழக்கம் எழுப்புவது அன்று, கணக்குப் பார்ப்பது. ஊதியம், விலைவாசி, பிற இடங்களில் தரப்படும் கூலி ஆகியவற்றை ஆராய்ந்து, 35 சதவீதமே நியாயம் என்ற முடிவுக்கு வந்தனர். தொழிலாளர் தம் 50 சதவீதக் கோரிக்கையைக் கைவிட்டு 35 சதவீதத்தை ஏற்றனர்.

முதலாளிகள் இசையவில்லை. பிப்ரவரி 22ஆம் நாள் ஆலைகளில் கதவடைப்புத் தொடங்கியது. நாட்கள் செல்லச் செல்லத் தொழிலாளர் உறுதி தளர்ந்தது. மார்ச் 15ஆம் நாள் காந்தியடிகள் உண்ணாவிரதம் தொடங்கினார். மார்ச் 18ஆம் நாள் உடன்பாடு ஏற்பட்டது.

அந்த உடன்பாட்டின் அமைப்பைப் பாருங்கள். வேலைக்குத் திரும்பும் முதல் நாள் 35 சதவீத உயர்வு. தொழிலாளரின் உறுதிமொழி காக்கப்பட்டது. இரண்டாம் நாள் 20 சதவீதம். முதலாளிகளின் சொல்லும் காக்கப்பட்டது. மூன்றாம் நாளிலிருந்து இரண்டுக்கும் சரிபாதியாக 27.5 சதவீதம், இது ஒரு நடுவர் தீர்ப்புச் சொல்லும் வரைக்கும் மட்டுமே. நடுவராகப் பேராசிரியர் ஆனந்த்சங்கர் துருவா என்பவரை இரு தரப்பும் ஏற்றன. சில மாதங்களுக்குப் பின் அவர் அளித்த தீர்ப்பு 35 சதவீதம்.

இங்கே சராசரி இருக்கிறது. ஆனால் அது இறுதி விடையாக இல்லை, காத்திருக்கும் காலத்துக்கான ஏற்பாடாக மட்டுமே இருந்தது. இறுதி விடையைத் தரும் பொறுப்பு, இரு தரப்பும் நம்பிய ஒருவரிடம், தீர்ப்பு இன்னதென்று தெரிவதற்கு முன்பே ஒப்படைக்கப்பட்டது. பங்கு பற்றிய பிணக்குக்கு மருந்து இதுவே: யார், எந்த முறையில் தீர்ப்பது என்பதை முதலில் உடன்பட்டுக் கொள்வது. தம் உண்ணாவிரதம் முதலாளிகள்மீது ஒரு நெருக்குதலாக அமைந்துவிட்டது என்ற குறையைக் காந்தியடிகளே பின்னாளில் தம் சுயசரிதையில் எழுதினார். வென்ற பிறகும் வெற்றியின் குறையைச் சொல்லும் நேர்மை, எதிர்த்தரப்பின் நம்பிக்கையைத் தேடித் தருகிறது. அங்கே 1920இல் தோன்றிய மஜூர் மகாஜன் என்ற தொழிலாளர் சங்கம், தகராறுகளை நடுவர் மூலம் தீர்க்கும் வழக்கத்தைத் தன் கொள்கையாகவே கொண்டது.

ஒரே கயிறு, இரண்டு சண்டைகள்

இதுவரை பார்த்தவை காரணம் உள்ள பிணக்குகள். காரணமே தேவையில்லாமல் எழும் பிணக்கும் உண்டு. "நாம்" என்றும் "அவர்கள்" என்றும் பிரிந்துவிட்டாலே போதும். ஏ பிரிவு, பி பிரிவு என்பதுகூடப் பகையாகிவிடும்.

முசாபர் ஷெரீப் என்ற உளவியலறிஞர் 1954ஆம் ஆண்டுக் கோடைக்காலத்தில் அமெரிக்காவின் ஒக்லஹாமா மாநிலத்தில் ஒரு சோதனை நடத்தினார். ஒருவரையொருவர் முன்பின் அறியாத 22 சிறுவர்களை ராபர்ஸ் கேவ் என்ற வனப் பூங்காவில் முகாமிடச் செய்தார். எல்லோருக்கும் ஏறக்குறைய 11 வயது. அவர்களைப் பதினொருவர் கொண்ட இரு குழுக்களாகப் பிரித்துத் தனித்தனியே தங்க வைத்தார். ஒரு குழு தனக்குக் கழுகுகள் என்று பெயர் சூட்டிக்கொண்டது. மற்றது கிலுகிலுப்பைப் பாம்புகள் என்று சூட்டிக்கொண்டது. பிறகு கயிறு இழுத்தல், பேஸ்பால் முதலிய போட்டிகள் நடந்தன. வென்ற குழுவுக்குப் பேனாக்கத்திகள் பரிசு. தோற்ற குழுவுக்கு ஒன்றுமில்லை.

சில நாட்களிலேயே ஒரு குழுவின் கொடியை மற்றக் குழு கொளுத்தியது. ஒருவர் குடிலை மற்றவர் சூறையாடினர். நல்ல குடும்பங்களில் வளர்ந்த சாதாரணச் சிறுவர்கள்தாம் இவர்கள். சேர்த்து உட்கார வைத்துச் சாப்பிடச் சொன்னபோது, உணவை ஒருவர்மீது ஒருவர் வீசிக்கொண்டார்கள். வெறுமனே ஒன்றுகூட்டுவது பகையைத் தீர்க்கவில்லை.

அப்போது முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றது. (ஆய்வாளர்களே அதை நிறுத்தி வைத்தார்கள்.) இரு குழுவினரும் குழாய்வழியே நடந்து அடைப்பைத் தேடினார்கள். பிறகு ஒரு திரைப்படம் வரவழைக்க இரு குழுவினரும் சேர்ந்து பணம் போட வேண்டியிருந்தது. இன்னொரு நாள், உணவு வாங்கி வரவேண்டிய லாரி கிளம்ப மறுத்தது. கயிறு இழுத்தல் போட்டியில் பயன்பட்ட அதே கயிற்றை லாரியில் கட்டி, இரு குழுவினரும் சேர்ந்து இழுத்துக் கிளப்பினார்கள்!

இயற்பியல் மாணவர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. அதே கயிறு, அதே கைகள், அதே விசைகள். முதலில் விசைகள் எதிரெதிராக இருந்தன; அவற்றின் தொகுபயன் ஏறக்குறைய பூஜ்யம். பின்னர் ஒரே திசையில் இருந்தன, லாரியே நகர்ந்தது. ஆனால் ஒரே ஒரு பொது வேலை போதவில்லை. தண்ணீர் வந்த அன்று இரவே மறுபடி சண்டை வந்தது. பல நாட்கள் பல வேலைகளைச் சேர்ந்து செய்த பிறகே பகை கரைந்தது. முகாம் முடிந்து திரும்பும்போது பலரும் ஒரே பேருந்தில் போகலாம் என்றார்கள்.

இச்சோதனையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். முந்தைய ஆண்டு, 1953இல், ஷெரீப் இதே போன்ற முகாம் ஒன்றை நடத்த முயன்று கைவிட்டார். அங்கே சிறுவர்கள் பிரிக்கப்படுவதற்கு முன்பே நண்பர்களாகிவிட்டிருந்தனர். பெரியவர்கள் தங்களை மூட்டிவிடுகிறார்கள் என்று சந்தேகித்து, எதிரிகளாக மறுத்துவிட்டனர்! தோல்வியடைந்த அந்தச் சோதனை நமக்குக் கற்றுத் தருவது கொஞ்சமல்ல. முன்பே பழகிய நட்பைப் பிளப்பது கடினம். உங்களை யாராவது "நம் ஆட்கள்", "அவர்கள் ஆட்கள்" என்று பிரித்துப் பேசினால், அதனால் யாருக்கு ஆதாயம் என்று ஒரு கணம் யோசியுங்கள்.

நாளையும் சந்திக்கப் போகிறவர்கள்

பள்ளியிலும் வேலையிடத்திலும் ஒரு தனித்தன்மை உண்டு. இன்று சண்டையிட்டவரையே நாளையும் பார்த்தாக வேண்டும். இத்தகைய உறவில் எப்படி நடந்துகொள்வது நல்லது?

ராபர்ட் ஆக்சல்ராட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதைக் கணிப்பொறியில் சோதித்துப் பார்த்து, 1980இல் முடிவுகளை வெளியிட்டார். ஆட்டம் இதுதான். இருவரும் ஒத்துழைத்தால் ஆளுக்கு 3 புள்ளி. இருவரும் ஏமாற்றினால் ஆளுக்கு 1 புள்ளி. ஒருவர் ஒத்துழைக்க மற்றவர் ஏமாற்றினால், ஏமாற்றியவருக்கு 5, ஏமாந்தவருக்கு 0. ரெக்கார்டு நோட்டு இரவல் கொடுப்பதையும் வாங்குவதையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு தடவைதான் ஆட்டம் என்றால் ஏமாற்றுவதே ஆதாயம் போலத் தோன்றும். ஆனால் இருவரும் 200 தடவை ஆடினால்? எப்போதும் ஒத்துழைத்தால் ஆளுக்கு 600 புள்ளி. எப்போதும் ஏமாற்றினால் ஆளுக்கு வெறும் 200 புள்ளி.

அறிஞர்கள் அனுப்பிய 14 நிரல்கள் போட்டியிட்டன. வென்றது, அனட்டோல் ராப்பபோர்ட் என்பவர் அனுப்பிய மிகச் சிறிய நிரல். அதன் விதி இரண்டே வரி: முதலில் ஒத்துழை, பிறகு, மற்றவர் சென்ற தடவை செய்ததையே நீயும் செய். இந்த முடிவைத் தெரிந்துகொண்ட பிறகும் 62 நிரல்கள் இரண்டாவது போட்டிக்கு வந்தன. மறுபடியும் அதுவே வென்றது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த நிரல் எந்தத் தனி ஆட்டத்திலும் எதிராளியைவிட ஒரு புள்ளிகூட அதிகம் எடுப்பதில்லை, எடுக்கவும் முடியாது. யாரையும் தோற்கடிக்காமலேயே அது முதலிடம் பெற்றது. தானாகச் சண்டையைத் தொடங்காது; ஏமாற்றினால் உடனே காட்டிவிடும்; திருந்தினால் பழையதை நினைவில் வைத்திருக்காது.

ஆனால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. இத்தகைய இருவர் ஆடும்போது, ஒருவர் கை தவறி ஒரே ஒரு தடவை ஏமாற்றியதாகப் பதிவாகிவிட்டால் என்ன ஆகும்? மற்றவர் பதிலடி கொடுப்பார். அதற்கு இவர் பதிலடி. அது மாறி மாறி எதிரொலித்துக்கொண்டே போகும். 5, 0, 5, 0 என்று போனால் சராசரி 2.5தான், 3 அல்ல. தவறாகக் காதில் விழுந்த ஒரு சொல், ஆண்டுக்கணக்கில் நீளும் பகையாவது இப்படித்தான். இதற்கும் கணக்கில் தீர்வு உண்டு. மார்ட்டின் நோவாக், கார்ல் சிக்மண்ட் என்ற இருவர் 1992இல் காட்டியபடி, தவறுகள் நிகழும் உலகில் சில வேளைகளில் பதிலடி கொடுக்காமல் மன்னித்துவிடும் ஆட்டக்காரரே மேலானவர். மேலே சொன்ன புள்ளிகளுக்கு, மூன்றில் ஒரு பங்கு தடவை மன்னிப்பது தகும் என்று கணக்கு சொல்கிறது. எப்போதும் மன்னிப்பவரை ஏமாற்றுவோர் விழுங்கிவிடுவார்கள். ஒருபோதும் மன்னிக்காதவரை எதிரொலி விழுங்கிவிடும்.

இது பிணக்கு அன்று

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இருவரும் ஏறக்குறைய சமமாக நிற்கும்போதுதான் அது பிணக்கு. பலர் சேர்ந்து ஒருவனை அடிப்பதும், சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதும், பெண் பிள்ளைகளைத் தொல்லை செய்வதும், புதிதாக வந்தவரை வதைப்பதும் பிணக்கல்ல, கொடுமை. அங்கே "இருவரும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்" என்று சொல்வது, ஊசல் சோதனையில் சராசரி எடுத்ததைவிடப் பெரிய பிழை. அடிபட்டவர் விட்டுக்கொடுக்க என்ன இருக்கிறது? கல்வி நிலையங்களில் ராகிங் செய்வதைத் தடை செய்து 1997ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. கொடுமைக்கு ஆளானால், அல்லது இன்னொருவர் ஆளாவதைக் கண்டால், நம்பிக்கையுள்ள ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ உடனே சொல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம், கட்டணம் கிடையாது. அப்படிச் சொல்வது கோள் சொல்வது ஆகாது.

செய்து பாருங்கள்

ஆய்வகச் சோதனை இல்லாமல் அறிவியல் கட்டுரை முடியலாமா? இதோ உங்களுக்கு ஒன்று. அந்தச் சிறிய நிரலை அனுப்பிய ராப்பபோர்ட், 1960இல் வெளிவந்த தம் நூலொன்றில் வாதத்துக்கு ஒரு விதி சொன்னார். எதிராளியின் கருத்தை மறுப்பதற்கு முன், அதை நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டும். "ஆம், நான் நினைப்பது இதுவேதான்" என்று எதிராளி ஒப்புக்கொள்ளும் அளவுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும்.

உங்களுக்கும் உங்கள் தோழருக்கும் இப்போது இருக்கும் சிறிய பிணக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் அவர் தரப்பை, அவர் பேசுவது போலவே ஐந்து வரியில் எழுதுங்கள். அவரையும் உங்கள் தரப்பை எழுதச் சொல்லுங்கள். தாள்களை மாற்றிக்கொண்டு படியுங்கள். "இதுவேதான்" என்று இருவரும் சொல்லும் வரை திருத்தித் திருத்தி எழுதுங்கள். பிறகு மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது எது உண்மை என்பதைப் பற்றியதா? அப்படியானால் சேர்ந்து அளந்து பாருங்கள். இது தேவையைப் பற்றியதா? அப்படியானால் பக்கத்து அறை ஜன்னலைத் தேடுங்கள். இது பங்கைப் பற்றியதா? அப்படியானால் முறையை முதலில் முடிவு செய்யுங்கள்.

பல வேளைகளில் மூன்றாவது கேள்விக்குப் போக வேண்டிய தேவையே இராது. தாளை எழுதி முடிப்பதற்குள் சண்டை பாதி கரைந்திருக்கும். கரையாமல் எஞ்சியிருக்கும் மற்றப் பாதிதான், இருவரும் உட்கார்ந்து பேச வேண்டிய உண்மையான பிணக்கு.